37.5 டிகிரி என்று ஹொய்குஎன்னிலிருந்து போன் வந்தால் யார் போவது?

கேள்வி: டோக்கியோவில் எதொகாவா வார்டு, நிஷிகசாயில் இருக்கிறோம். மகனுக்கு 1 வயது 3 மாதம். சென்னையில் பிறந்து, ஐந்து மாதக் குழந்தையாக இங்கே வந்தான். ஏப்ரல் முதல் ஹொய்குஎன்னில், அதாவது இங்குள்ள பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தில், இடம் கிடைத்திருப்பதாகப் போன வாரம் கடிதம் வந்தது. விடுப்பு முடிந்து மே 1 அன்று நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். கணவரும் நானும் ஐடி வேலைதான். "முதல் ரெண்டு மாசம் பாதி நாள் பிள்ளை வீட்லதான் இருப்பான்" என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். போனில் வீடியோ ஓடினால்தான் வாயைத் திறப்பான், நான்தான் ஊட்ட வேண்டும். தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. வீட்டில் இப்போதே ஜப்பானிய மொழியில் பேச ஆரம்பிக்கட்டுமா? மாமியாரை மார்ச்சிலேயே வரவழைக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

பதில்: தோழிகள் பயமுறுத்தவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறார்கள். இதுவரை உங்கள் மகன் பழகியது வீட்டு ஆட்களோடும் பூங்காவில் பார்க்கும் நாலைந்து பிள்ளைகளோடும்தான். ஏப்ரலில், எதையும் வாயில் வைக்கும் வயதுள்ள பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு நாள் முழுக்க ஒரே அறையில் இருப்பான். சளி, ஆர்எஸ் வைரஸ், கை-கால்-வாய் நோய், அடினோ, நோரோ என்று ஒவ்வொன்றையும் முதல் தடவையாகச் சந்திப்பான். ஹொய்குஎன்னில் சுத்தம் குறைவு என்பதோ உங்கள் வளர்ப்பில் கோளாறு என்பதோ இதற்குக் காரணம் இல்லை. எந்த வயதில் சேர்த்தாலும் முதல் ஆண்டு இப்படித்தான் போகும்.

அதனால் பை தைப்பது, பெயர் ஒட்டுவது எல்லாம் அப்புறம். முதலில் கணவரோடு உட்கார்ந்து ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: போன் வந்தால் யார் போவது?

பல ஹொய்குஎன்களில் அக்குளில் 37.5 டிகிரி காட்டினால் வீட்டுக்குப் போன் செய்துவிடுவார்கள். சில இடங்களில் 38 வரை பொறுப்பார்கள். நுழைவு நேர்காணலிலேயே எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பார்கள். அவசரத் தொடர்புப் படிவத்தில் முதல் எண், இரண்டாம் எண் என்று இடம் இருக்கும். முதல் எண்ணாக அம்மாவுடையதை எழுதிவிட்டால் வருடம் முழுக்க அம்மாவுக்குத்தான் போன் வரும். அப்பா சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை, படிவம் அப்படி. இதற்கு எளிய வழி, திங்கள், செவ்வாய், வெள்ளி ஒருவர், புதன், வியாழன் மற்றவர் என்று பிரித்துக்கொண்டு, அன்றன்று காலை ரென்ராகுச்சோவில், அதாவது தினசரித் தொடர்புக் குறிப்பேட்டில், "இன்று அழைக்க வேண்டியவர்: அப்பா" என்று எழுதிவிடுவது. செயலி வழியாகக் குறிப்பு எழுதும் இடங்களிலும் இதே வரி செல்லும்.

சட்டம் தருவதையும் கணக்கில் எடுங்கள். பிள்ளையைக் கவனிக்கும் விடுப்பு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், ஒரு பிள்ளை என்றால், ஆண்டுக்கு 5 நாள். இருவருக்கும் சேர்த்து 10 நாள். மணிக்கணக்கிலும் எடுக்கலாம் என்பதால், 3 மணிக்குப் போன் வந்தால் இரண்டு மணி நேரம் மட்டும் கழியும். 2025 ஏப்ரலிலிருந்து, தொற்று காரணமாக வகுப்பை மூடினாலும், நுழைவு விழாவுக்குப் போனாலும் இதில் எடுக்கலாம். சம்பளம் தருவது நிறுவனத்தின் விருப்பம், பல இடங்களில் தருவதில்லை. நிறுவனம் தனியாக வேறு ஆண்டுக் கணக்கு வைத்திருக்காவிட்டால், ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் கணக்கு, ஆகவே ஐந்து நாளும் முழுதாகக் கையில் இருக்கும்போதுதான் நீங்கள் தொடங்குகிறீர்கள். பிள்ளைக்கு மூன்று வயது நிறையும்வரை 6 மணி நேர வேலை கேட்கவும் உரிமை உண்டு. இரண்டு வயது நிறையும்வரை அப்படிக் குறைத்த நேரத்துக்கு, அந்த நேரத்தில் வாங்கும் சம்பளத்தில் சுமார் 10 சதவீதம் வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து கிடைக்கும். இதுவும் 2025 ஏப்ரலில் வந்ததுதான். விண்ணப்பம் நிறுவனம் வழியாகப் போக வேண்டும் என்பதால், மனிதவளப் பிரிவுக்கு இப்போதே மின்னஞ்சல் போடுங்கள்.

அடுத்தது பியோஜி ஹொய்கு, நோயுற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். பெரும்பாலும் குழந்தை மருத்துவரின் கிளினிக்கோடு ஒட்டியே இருக்கும். கட்டணம் நாளைக்கு 2,000 யென் அளவில் இருக்கும். முன்பதிவு அட்டை இல்லாமல் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் உள்ளே விட மாட்டார்கள். அதனால் மார்ச்சிலேயே வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, ரயில் பாதையில் ஒன்று என இரண்டு இடத்திலாவது பதிந்து வையுங்கள். அன்றன்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டும் வேண்டும். இடமோ நாலைந்து பேருக்குத்தான் இருக்கும், குளிர்காலத்தில் காலையிலேயே நிரம்பிவிடும். இதை இரண்டாம் வாய்ப்பாக வையுங்கள். முதல் வாய்ப்பு நீங்கள் இருவரும்தான்.

நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. இரவு 38.2 இருக்கும், மருந்து கொடுப்பார்கள், காலையில் 36.9 காட்டும், உடனே அனுப்பிவிடுவார்கள். பாராசிட்டமாலின் வேலை நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்து மணிக்குக் காய்ச்சல் திரும்பும், பதினொன்றுக்குப் போன் வரும். அதற்குள் பிள்ளையும் சோர்ந்துவிடுவான், அறையில் மற்றவர்களுக்கும் பரவிவிடும், ஆசிரியைக்கும் உங்கள் குறிப்பேட்டின் மேல் நம்பிக்கை போய்விடும். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்புங்கள், அதற்கு முன் வேண்டாம். இன்ஃப்ளுயன்சா என்றால் காய்ச்சல் தொடங்கிய நாளுக்குப் பிறகு 5 நாள் கழிந்திருக்க வேண்டும், கூடவே காய்ச்சல் விட்டு 3 நாளும் ஆகியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அது 2 நாள், அண்டை வீட்டு அண்ணனின் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்ட வேண்டும். கை-கால்-வாய் நோய்க்கு நாள் கணக்கு கிடையாது. காய்ச்சல் இல்லாமல், வழக்கம்போலச் சாப்பிட்டால் போதும்.

மருந்து விஷயத்தில் இன்னொன்று. பெரும்பாலான ஹொய்குஎன்களில் மதிய மருந்து கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒப்புதல் படிவம் கேட்பார்கள். மருத்துவரிடம் போனதும், "ஹொய்குஎன் போகிறான், காலை மாலை இரண்டு வேளையாக எழுத முடியுமா" என்று கேளுங்கள். பல மருந்துகளை அப்படி மாற்றித் தர முடியும். டோக்கியோவின் 23 வார்டுகளில் பிள்ளைகளுக்கு வைத்தியச் செலவு இல்லை, அதனால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். இரவிலும் விடுமுறை நாளிலும் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் #8000 எண்ணில் நர்ஸ் அல்லது மருத்துவரிடம் பேசலாம். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் யோசிக்காமல் 119ஐ அழையுங்கள்.

வாந்தி, பேதிக்கு வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஹொய்குஎன்னில் பிள்ளை வாந்தி எடுத்தால் அந்தத் துணியை அலசாமல் அப்படியே இரட்டைப் பையில் கட்டித் தருவார்கள். முகம் சுளிக்காதீர்கள். அங்கே அலசினால் நோரோ வைரஸ் தெறித்துப் பரவும். வீட்டில் கையுறையும் மாஸ்க்கும் போட்டு, பையைக் குளியலறையில் பிரித்து, கெட்டியானதைக் காகிதத்தால் வழித்துப் போட்டுவிட்டுத் துணியைக் குளோரின் கரைசலில் ஊற வையுங்கள். கடையில் கிடைக்கும் 5 சதவீதக் குளோரின் ப்ளீச் என்றால், 2 லிட்டர் தண்ணீருக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மூடியால் இரண்டு மூடி, அதாவது 10 மில்லி. வாந்தி விழுந்த தரையைத் துடைக்க அதே 10 மில்லி அரை லிட்டர் தண்ணீருக்கு. கைக்கு அடிக்கும் ஆல்கஹால் நோரோவிடம் சரியாக வேலை செய்யாது, கையைச் சோப்புப் போட்டே கழுவ வேண்டும். கழிவறை கழுவும் அமிலத் திரவம் எதையும் ப்ளீச்சோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். நிறத்துணி வெளுத்துவிடும், அதனால் ஹொய்குஎன்னுக்கு விலை குறைந்த துணியே போதும்.

இப்போது சாப்பாடு. இங்கேதான் சைவக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. கண்ணுக்குத் தெரியும் மீனையும் முட்டையையும் எடுத்துவிட்டுப் பரிமாறுவது சமையலறைக்குப் பெரிய சிரமம் இல்லை. சிக்கல் தாஷியில் இருக்கிறது. மிசோ சூப், காய்கறி வேகவைத்தது, சில நாள் சாதம் வரைக்கும் காட்சுவோ மீன் சீவலோ உலர்ந்த நெத்திலியோ போட்டுக் காய்ச்சிய சாறுதான் அடிப்படை. ஒரே அண்டாவில் எல்லோருக்கும் சமைக்கிறார்கள், உங்கள் மகனுக்கு மட்டும் தாஷி வேண்டாம் என்றால் தனிப் பாத்திரம் வைக்க வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறதா என்பது அந்தந்த ஹொய்குஎன்னைப் பொறுத்தது. சில இடங்களில் சமயக் காரணத்துக்கு ஒத்துழைப்பார்கள், சில இடங்களில் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வரச் சொல்வார்கள்.

நேர்காணலுக்குப் போகுமுன் நீங்களும் கணவரும் மூன்றில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: தாஷி பரவாயில்லை, துண்டு மட்டும் வேண்டாம் என்பதா? தாஷியும் வேண்டாம், அந்த உணவை நாங்களே அனுப்புகிறோம் என்பதா? எல்லா நாளும் வீட்டுச் சாப்பாடா? எது சரி என்பது குடும்பத்தின் முடிவு. ஆனால் நேர்காணலில் அம்மா ஒன்றும் அப்பா ஒன்றும் சொல்லக் கூடாது. இன்னொன்று, அலர்ஜி என்று சொல்லிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அலர்ஜிக்கு மருத்துவர் நிரப்பும் படிவம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று எடுத்துக்கொண்டு தனித் தட்டு, பெயர்ச்சீட்டு, இரண்டு பேர் சரிபார்ப்பு என்று செய்வார்கள். ஒரு பிறந்த நாள் விருந்தில் அவன் கேக் தின்பதை யாராவது பார்த்துவிட்டால் கதை அத்தோடு முடிந்தது.

மாத உணவுப் பட்டியல் முன்கூட்டியே கைக்கு வரும். அதில் "காய்கறிக் கறி" என்று இருப்பதைப் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள், அந்தக் குழம்புக்குக் கரைக்கும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு இருப்பது இங்கே சாதாரணம். கன்சொமே சூப்பில் இறைச்சிச் சாறு, ஜெல்லியில் ஜெலட்டின், நத்தோ என்ற புளித்த சோயாவோடு வரும் சிறு சாஸ் பொட்டலத்தில் மீன் சாறு. இவற்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஊட்டச்சத்து நிபுணரிடம் கொடுத்தால் வாயால் சொல்வதைவிடப் பலமடங்கு வேலை நடக்கும். தோஃபு, சோயா மாவான கினாகோ, நத்தோ, பால், தயிர் ஆகியவற்றை அவன் விரும்பிச் சாப்பிடப் பழகினால் புரதத்துக்குக் கவலை இல்லை. இரும்புச் சத்தையும் பி12ஐயும் மட்டும் அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் கேளுங்கள்.

அதோடு உணவுப் பொருள் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று தருவார்கள். அதில் உள்ளதை வீட்டில் ஒன்றிரண்டு தடவை கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். வாகமே கடற்பாசி, சேப்பங்கிழங்கு வகையான சதோஇமோ, எள், சோயா என்று வரிசையாக இருக்கும். நம் வீட்டுச் சமையலில் பாதி இல்லாததால் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். காலியாக இருந்தால் சில இடங்களில் மதியச் சாப்பாடே தொடங்க மாட்டார்கள், சேர்ந்த புதிதில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் நரே ஹொய்கு அத்தனை நாள் நீளும். வாரத்தில் மூன்று புதுப் பொருள், காலை வேளையில், ஒரு நாளில் ஒன்று மட்டும் என்று இப்போதே ஆரம்பியுங்கள்.

ஊட்டிவிடுவதை நிறுத்தவும் இதுதான் சமயம். ஒரு வயதுப் பிள்ளைகள் 6 பேருக்கு ஓர் ஆசிரியை என்பது அரசு வைத்திருக்கும் அளவு. போன் காட்டி, கதை சொல்லி நாற்பது நிமிடம் ஊட்ட அங்கே ஆள் கிடையாது. காலடி தரையிலோ பலகையிலோ பதியும்படி உட்கார வைத்து, இட்லியை விரல் அளவுக்கு நீளவாக்கில் வெட்டி, வேகவைத்த கேரட் குச்சியோடு அவன் கையில் கொடுங்கள். இருபது நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். முதல் வாரம் பாதி தரையில்தான் கிடக்கும். செய்தித்தாள் விரித்துவிட்டால் உங்களுக்கும் கோபம் வராது. திராட்சையை நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். குடிக்க அங்கே முகிச்சா என்ற வாற்கோதுமைத் தேநீர்தான், பாட்டில் பால் கிடைக்காது. அதன் வாசனையும் சாதாரணக் கோப்பையில் குடிப்பதும் வீட்டிலேயே பழகியிருந்தால் முதல் வாரம் தாகத்தில் அழ மாட்டான்.

தூக்கமும் இதே மாதிரிதான். மதியம் 12.30 வாக்கில் மெத்தையில் படுக்க வைத்து முதுகில் தட்டித் தூங்க வைப்பார்கள். மடியிலோ பால் குடித்தபடியோதான் தூங்குவான் என்றால் பகல் தூக்கத்தில் மட்டும் முதலில் அதை மாற்றுங்கள். அப்பா வரும்வரை இரவு பத்தரைக்கு விழித்திருக்கும் பிள்ளையைக் காலை ஏழுக்கு எழுப்பினால் நாள் முழுக்கச் சிணுங்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள், மார்ச் கடைசியில் ஒன்பதுக்கு வந்துவிடும்.

மொழியைப் பற்றி ஒன்றே சொல்வேன், வீட்டில் தமிழை விடாதீர்கள். ஹொய்குஎன்னில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஜப்பானிய மொழிதான் கேட்பான், உங்கள் அரைகுறை ஜப்பானியம் அவனுக்குத் தேவை இல்லை. சில மாதம் அங்கே வாயே திறக்காமல் இருக்கலாம், கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். வேண்டிய உதவி ஆசிரியைக்குத்தான். "தண்ணி", "வலிக்குது", "சூச்சூ", "போதும்", "அம்மா வருவா" என்று அவன் சொல்லும், அவனுக்குப் புரியும் பத்துப் பதினைந்து சொற்களை ஜப்பானிய எழுத்தில் உச்சரிப்போடும் பொருளோடும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அழும் பிள்ளையிடம் ஆசிரியை "அம்மா வருவா" என்று சொன்னால் அதற்கு இருக்கும் பலன் வேறு.

மாமியாருக்குக் கிடைப்பது குறுகிய கால விசா, அதிகபட்சம் 90 நாள். மார்ச் தொடக்கத்தில் வந்தால் நீங்கள் வேலைக்குத் திரும்பிய ஒரு மாதத்துக்குள் கிளம்ப வேண்டியிருக்கும். ஏப்ரல் கடைசியில் வரட்டும், ஜூலை வரை கிடைக்கும். ஆனால் அவர் வருவதால் போன் உங்களுக்கு வராமல் போகாது, ஜப்பானிய மொழியில் பேச வேண்டும் அல்லவா? அழைத்து வரும் ஆள் என்று அவர் பெயரையும் புகைப்படத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் பிள்ளையை அவர் கையில் தர மாட்டார்கள். பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். இங்கே பிள்ளைகளுக்கு மெல்லிய உடைதான் போடுவார்கள், அறைக்குள் வெறுங்காலோடும் விடுவார்கள். இதை அவரிடம் விமானம் ஏறுமுன்னே சொல்லி வையுங்கள். மூன்று சட்டையும் குல்லாவும் போட்டு அனுப்பினால் வியர்த்தே 37.5 காட்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள். கம்மலைக் கழற்றி அனுப்புங்கள், திருகாணியை இன்னொரு பிள்ளை விழுங்கினால் பெரிய விபரீதம். அரைஞாணில் வெள்ளித் தாயத்து இருந்தால் அதற்கும் இதே கதி, வெறும் கருப்புக் கயிறு என்றால் எதற்காக என்று ஆசிரியையிடம் ஒரு வரி சொல்லிவிட்டால் டயப்பர் மாற்றும்போது திகைக்க மாட்டார்கள். தொப்பி வைத்த சட்டை வேண்டாம், சறுக்கு மரத்தில் மாட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருப்பதால் உங்கள் மகனை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டிய பெயர் எது என்று ஜப்பானிய எழுத்தான ஹிராகானாவில் எழுதிக் கொடுத்து, துணியிலும் டயப்பரிலும் அதே பெயரை ஒட்டுங்கள். குறிப்பேட்டில் நாலு வரி போதும்: 6.50க்கு எழுந்தான், 36.6, மலம் ஒரு தடவை இளக்கமாக, அரிசி, உளுந்து மாவில் ஆவியில் வெந்த இட்லி இரண்டு, பால் 100 மில்லி. இளக்கமாக என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் ஆசிரியை மதியம் கவனமாக இருப்பார்.

இவ்வளவையும் மார்ச்சில் செய்யலாம், ஒன்றைத் தவிர. தடுப்பூசிக்கு இந்த வாரமே கிளினிக்கில் நாள் வாங்குங்கள். சென்னையில் பிறந்ததும் போட்ட பிசிஜி கணக்கில் வரும், தழும்பையும் அட்டையையும் காட்டி, தாய் சேய் குறிப்பேடான போஷி தெச்சோவில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தட்டம்மை, ருபெல்லாவுக்கு இங்கே ஒரு வயது முடிந்த பிறகு போட்டதுதான் முதல் தவணை. ஊருக்குப் போனபோது 9 மாதத்தில் போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும். அதையும் சின்னம்மை முதல் தவணையையும் ஒரே நாளில் போடலாம். தனித்தனியாகப் போட்டால் நடுவில் 27 நாள் இடைவெளி விட வேண்டும், ஏப்ரல் 1க்குள் முடிப்பது கடினம். பொன்னுக்கு வீங்கி ஊசிக்குக் காசு கட்ட வேண்டும், கட்டாயமும் இல்லை. ஆனாலும் அதே நாளில் போட்டுவிடச் சொல்லியே கேளுங்கள்.